தம்பிக்கு மேலே ஓர் இடம்

தேவஇரக்கத்துக்கு எண்பது வயது நிறைந்ததை ஒட்டி, 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்கலம் சாலையில் உள்ள ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. அவர் கேட்டு நடந்ததல்ல; மகன் தங்கதுரையின் ஏற்பாடு. அவருக்குப் புதுச் சட்டை, புது வேட்டி. ஆலய வளாகத்தில் ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்குப் பந்தல். இந்தச் சபையில் முன்பு இருந்து மாற்றலாகிப் போன ஆசீர் ஐயரைத் தெற்கேயிருந்து காரில் அழைத்துவர ஆள். போதகரை ஐயர் என்று சொல்வது தென்பாண்டிக் கிறிஸ்தவர்களின் வழக்கம். திருப்பூருக்குப் பிழைக்க வந்தபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய இடம் கடைசிப் பெஞ்சு. மணிக்கயிறு அங்கேதான் தொங்கும்; யார் பிந்தி வருகிறார்கள் என்பதும் அங்கிருந்துதான் தெரியும். சட்டையின் காலர் வேறு ஒரு பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவருக்கு அது கழுத்தில் முள் குத்துவதுபோல் இருந்தது. பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி ஞானசொர்ணம் அரக்கு நிறப் பட்டுச்சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பிறந்தவர் தேவஇரக்கம். அப்பாவுக்குப் பருத்தியும் மிளகாயும் விளைகிற நிலம் கொஞ்சம் இருந்தது. ஒரு ஜோடி உழவு மாடும் இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு முதல் வெள்ளாமையைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். அப்பா வற்றல் மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் தொப்பென்று இறக்குவார். அத்தோடு பாட்டு நின்று தும்மல் தொடங்கும். உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டே ஜெபம் செய்வார். சின்ன வயதில் கோயில் என்றால் தேவஇரக்கத்துக்கு அந்தக் காரநெடிதான் நினைவுக்கு வரும்.

இருபத்து நான்கு வயதுவரை உழுதார். மழை தொடர்ந்து பொய்த்தது. மாடுகளை விற்ற பிறகு கரிசல் காட்டில் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. 1968இல் ஊர்க்காரர் ஒருவரோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, கட்டிங் மேசைக்குப் போனார். பின்னல் துணியை விரித்தவுடன் கத்தி வைக்கக் கூடாது. சுருளில் இழுபட்டுக் கிடந்தது அடங்குவதற்கு ஒரு ராத்திரி ஆறப் போட வேண்டும். அவசரக்கார முதலாளிகள் கத்துவார்கள். தேவஇரக்கம் வாய் திறக்கமாட்டார். துணியைச் சுற்றி நான்கு ஓரமும் நடந்து பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார். உழுகிறவன் வரப்பைச் சுற்றி வருவதுபோல இருக்கும் அது.

1976இல் சாயர்புரம் பக்கத்திலிருந்து ஞானசொர்ணத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். லிங்கசாமி என்ற உள்ளூர் விவசாயி தன் தோட்டத்தின் ஓரமாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் ஓர் அறை. தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு அப்போது அக்கம்பக்கத்தில் இருந்தன. ஆலயம் கிடையாது. ஞாயிறுதோறும் ஆராதனை அந்த ஓர் அறையில்தான். ஞானசொர்ணம் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பாய் விரிப்பாள். மழை வந்தால் அடுப்பு நனையும், ஜெபம் நடக்கும்.

அடுத்த இரண்டாம் வருஷம் தம்பி எபநேசரை ஊரிலிருந்து அழைத்துவந்தார். பதினெட்டு வயது. ஞானப்பாட்டைச் சீட்டியடித்துப் பாடுவான். "கோயில் பாட்ட சீட்டியடிக்கலாமாலே?" என்று அண்ணன் கேட்டால், "கர்த்தருக்குச் சீட்டி பிடிக்காதுன்னு எந்த வசனத்துல இருக்கு?" என்பான். அண்ணன்தான் ஒரு சலவைப் பட்டறையில் அவனுக்கு வேலை சொல்லிவைத்தார். 1979 நவம்பரில், அடைமழை பெய்துகொண்டிருந்த நாளில், ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவன் அப்படியே போய்விட்டான்.

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. தெற்கே பாலங்களுக்கு மேல் தண்ணீர். எந்த வண்டிக்காரனும் வர ஒப்பவில்லை. சபைக்கென்று கல்லறைத் தோட்டமும் இல்லை. லைன் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே தம்பியைக் கிடத்திவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தபோது லிங்கசாமி குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அண்ணாச்சி, நம்ம காட்டுக்குக் கெழக்கு மூலையில பாறையுங் கீறையுமாக் கெடக்குது. அங்க வெச்சுக்குங்க. மழ நின்னதும் வேணும்னா எடுத்துட்டுப் போயிக்குங்க."

"வச்சா வச்சதுதாங்க. எங்கள்ல எடுக்கிறது இல்ல."

"அப்ப இருக்கட்டுமுங்க. நானா தெனமுஞ் சோறு போடப் போறேன்?" என்று சொன்ன பிறகுதான் லிங்கசாமிக்குத் தான் சொன்னது உறைத்தது. குடையைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரை எடுத்துவரப் போனார்.

குழியை தேவஇரக்கமே வெட்டினார். நிலம் குறைவான கல்லறைத் தோட்டங்களில் ஒரு குழியில் குடும்பத்தார் இருவரை வைப்பதுண்டு. முதலில் போகிறவருக்கு ஆழமாக வெட்ட வேண்டும். அவருக்கு மேலே பின்னால் வருகிறவருக்கு இடம் இருக்கும். பாறையைப் பெயர்த்துப் பெயர்த்து அவர் அந்த ஆழத்துக்கு வெட்டினார். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தண்ணீர் வடிந்து அம்மா வந்து சேர்ந்தாள். மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"எம்புள்ளய ஒத்தையில போட்டுட்டியேலே. இங்க அவனுக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேம்மா."

"நீ எத்தன நாளு இருப்ப?"

"கடேசி மட்டும் இருப்பேன். என்னையும் இங்கதாம்மா வைப்பாவ. இவன் மேலேயே வைக்கச் சொல்லுதேன். ஒத்தையில விடமாட்டேன். போதுமா?"

அம்மா தலையை ஆட்டினாள். ஞானசொர்ணம் கைக்குழந்தையான தங்கதுரையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவள் அங்கே நின்றதை தேவஇரக்கம் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு சபையில் யார் இறந்தாலும் அந்த மூலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். லிங்கசாமி அதைச் சபைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1985இல் ஆலயமும் எழும்பியது. தேவஇரக்கம் அதிகாலையில் மணியடித்தார். வீட்டுக் கூட்டங்கள் நடத்தினார். கல்லறைத் தோட்டத்துப் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டார். இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தார். தங்கதுரை நாலு ஓவர்லாக், ரெண்டு பேட்லாக் தையல் மிஷின் போட்டுக் குழந்தை உடுப்புக்கு ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்தபோது, அப்பா வந்து கட்டிங் மேசை போட்டுக் கொடுத்தார். தங்கதுரை திருப்பூரிலேயே வளர்ந்தவன். அவன் பேச்சில் 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். "நான் என்ன ஒனக்கு ஆர்டர் குடுக்க பார்ட்டியா? அப்பாகிட்ட என்னல வாங்க போங்க?" என்று இவர் கேலி செய்வார்.

கல்லறைத் தோட்டம் நிறைந்துகொண்டே வந்தது. 1996இல் சபைக் கமிட்டியில் தேவஇரக்கம்தான் எழுந்து ஒரு விதியை முன்வைத்தார். செங்கல் வைத்துக் கட்டாத குழியாக இருந்து, புதைத்துப் பதினான்கு வருஷம் கடந்திருந்தால், அதைத் திறந்து வேறொருவரை வைக்கலாம். கீழே இருக்கும் எலும்புகளை அதே குழியில் ஓரமாக மூடிவிட வேண்டும். தெற்கே பல சபைகளில் இப்படித்தான் என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வசதி உள்ளவர்கள் அடுத்த மாதமே கொத்தனாரை அழைத்துவந்து தங்கள் வீட்டுக் குழிகளைக் கட்டிக்கொண்டார்கள்.

விதி கொண்டுவந்தவர் மட்டும் கட்டவில்லை. காட்டில் வளர்ந்தவன் நெஞ்சில் சிமெண்டு எதற்கு, மண் இருந்தால் மழை இறங்கும், புல் முளைக்கும் என்பார். அதுதான் அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது: தோட்டம் தன் கையில் இருக்கிறது, தன் தம்பியின் குழியில் யார் மண்வெட்டி வைப்பார்கள் என்ற தைரியம். மேலே கட்டிவிட்டால் பின்னால் தன்னை வைக்கும்போது உடைக்க வேண்டிவருமே என்ற கணக்கும் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகள்கூட, "தாத்தா இடம்" என்று அதைக் காட்டுவார்கள்.

2012இல் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, கோயமுத்தூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, தங்கதுரை காரை வீட்டுக்கு விடாமல் கல்லறைத் தோட்டத்துக்கு விட்டான். எபநேசரின் குழிமேல் அழகாகக் கட்டி, கறுப்புக் கிரானைட்டில் பேர் வெட்டியிருந்தார்கள். ஒரு நொடி அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு தம்பியின் பேரை அத்தனை பெரிய எழுத்தில் பார்த்ததும் தாங்க முடியாமல் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா அவன் பேரு தெரியாமப் போயிருக்கும்லா. நீ செஞ்சிட்டலே, நீ செஞ்சிட்ட" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கதுரை வேறு பக்கம் பார்த்தபடி நின்றான். அவனும் அழுகிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார். என்றைக்காவது தனக்காக அந்தக் கல்லை நகர்த்துவார்கள். அது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஈஸ்டர் விடியலிலும், நவம்பரில் தம்பி போன நாளிலும், ஈரத் துணி கொண்டுபோய் அந்தக் கல்லைத் துடைத்து, பூ வைத்து, அவன் சீட்டியடிக்கும் பாட்டை மெல்ல முணுமுணுத்துவிட்டு வருவார்.

இப்போது அந்த எண்பதாம் வயது ஆராதனைக்கு வருவோம். பிரசங்கம் முடிந்து, ஆசீர் ஐயர் வாழ்த்துச் சொல்ல எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பழைய கதைகள் நாலு சொன்னார், சிரித்தார்கள். பிறகு குரல் தாழ்ந்தது.

"அண்ணாச்சி செஞ்ச ஒரு பெரிய காரியத்த நான் இதுவரைக்கும் சபையில சொன்னது இல்ல. இன்னைக்குச் சொல்லாட்டா எப்பச் சொல்ல? 2012ல என் தாயார் இங்கதான் கர்த்தருக்குள்ள நித்திரையானாங்க. தோட்டத்துல ஒரு அடி இடம் இல்ல. அண்ணாச்சி நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில கெடக்காங்க. அங்க இருந்துக்கிட்டே, 'எனக்குன்னு வச்சிருந்த எடம், ஐயரோட அம்மாவுக்குக் குடுங்க'ன்னு தங்கதுரைகிட்ட சொல்லி அனுப்புனாங்க. தம்பி குழி! யாரு குடுப்பா? கல்லுல எங்கம்மா பேரப் போட வேண்டாம், தம்பி பேரு மட்டும் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். எங்கம்மா எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அது போதும்."

"ஸ்தோத்திரம்" என்று சபை சொன்னது.

ஐயருக்கு வயதாகிவிட்டது, வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்றுதான் தேவஇரக்கத்துக்கு முதலில் தோன்றியது. மைக் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். தங்கதுரை தரையில் கிடந்த மைக் வயரைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். ஞானசொர்ணம் பாட்டுப் புத்தகத்தில் அவசரமாகப் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். பாட்டு எதுவும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

அவரைப் பேச அழைத்தார்கள். மைக்கை வாங்கினார்.

"வந்தவங்க எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் கைதட்டினார்கள்.

பந்தலில் லிங்கசாமி தனியாக ஒரு நாற்காலியில் இருந்தார். கண் சரியாகத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். தேவஇரக்கம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அண்ணாச்சி, கறி வெந்துச்சா இல்லீங்களா? எனக்குப் பல்லு மூணுதான் மிச்சம்."

"ஐயர் சொன்னது கேட்டீயளா?"

லிங்கசாமி இலையைத் தடவினார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நானுங்க. குழி வெட்டறது காதுல உழுகாதா? தெரியுமுங்க."

"ஒரு வார்த்த சொல்லலையே."

"நெஞ்சறுத்து வந்திருக்கறீங்க. ஒங்க பையன் வந்து, மாமா சொல்லீராதீங்க, அப்பா தாங்கமாட்டாருன்னு கையப் புடிச்சுட்டு நின்னானுங்க. நானென்ன பண்டறது?" பிறகு சொன்னார்: "எங்கள்ல எரிச்சு ஆத்துல உட்டுருவாங்க. யாரு மேல யாருங்கற பேச்சே இல்லீங்க பாருங்க."

மற்ற நாளாக இருந்தால் தேவஇரக்கம் சிரித்திருப்பார். எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார்.

மாலை நான்கு மணிபோல ஞானசொர்ணமும் தங்கதுரையும் வந்து சேர்ந்தார்கள். அவர் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுல" என்றார்.

"அப்பா, ஐயரோட அம்மா ஒடம்பு ஊட்டுல கெடக்குது. நீங்க ஐசியூல. யாருகிட்டங்கப்பா கேக்கறது? ரூலு நீங்க கொண்டாந்ததுதானுங்க. கட்டாத பழைய குழின்னு பாத்தா நம்மளுது ஒண்ணுதான் பாக்கி. கமிட்டியில எல்லாரும் எம்மூஞ்சியப் பாக்கறாங்க. இதுவே வேற ஆளு குழியா இருந்தா நீங்களே தெறக்கச் சொல்லியிருப்பீங்க."

"சரி. கேக்க முடியல. வந்த பொறவு சொல்லியிருக்கலாம்லா?"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டான். "ஐயரோட அம்மாவ அவங்க ஊருக்கே கொண்டு போயிட்டாங்கன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டு, கமிட்டிக்காரங்ககிட்ட அப்பா முன்னால இதப் பேசாதீங்கன்னுட்டேன். சித்தப்பாவும் அங்கதான் இருக்காருங்கப்பா. ஓரமா துணியில சுத்தி நானே வெச்சேன். எங்கயும் கொண்டு போகலீங்க."

"மேல கட்டுனியே. அது?"

தங்கதுரை மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"கேக்கேன்லா. அது எதுக்குக் கட்டுன?"

"மண்ணு புதுசாத் தெரியுமுங்களே" என்றான் தங்கதுரை, தரையைப் பார்த்துக்கொண்டு.

தேவஇரக்கம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். காரிலிருந்து இறங்கியதும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அன்றைய மதியம் முழுவதும் அவருக்குள் வந்து நின்றது. தம்பியின் பேரை மறைக்காமல் காப்பதற்கு என்று அவர் நினைத்த கல், புதுமண்ணை மறைப்பதற்கு வைத்த கல். அதைத்தான் பன்னிரண்டு வருஷமாக ஈரத் துணி போட்டுத் துடைத்திருக்கிறார். அவர் துடைப்பதை இவர்கள் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். பூ வாங்கிக்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

"அவன ஏன் வையிதீய?" என்றாள் ஞானசொர்ணம். அதுவரை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் குடுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"நாந்தான். ஆஸ்பத்திரியில ஒங்க கட்டிலு பக்கத்துல நின்னுதான் போன்ல சொன்னேன், குடுத்திருடான்னு."

"நான் எங்கம்மாகிட்ட சொன்ன வார்த்த ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியாம என்ன? அன்னைக்கு நானும் அங்கதான நின்னேன், இந்தப் பயல இடுப்புல வச்சிக்கிட்டு." அவள் குரல் உயரவில்லை. "கட்டி மூணு வருசந்தான் ஆச்சு. தம்பி மேல என்னய வைங்கன்னு சொல்லுதீய. சரி, புள்ளய பறிகுடுத்த தாய்க்குச் சொல்லுதாவன்னு இருந்தேன். பொறவு ஊரெல்லாம் சொன்னிய. பேரப்பிள்ளைவ கிட்ட சொன்னிய. ஏங்க, ஒருநாளாவது என்னய எங்க வைக்கதா இருந்தியன்னு சொன்னீயளா?"

தோட்டம் முழுவதும் வரிசை வரிசையாக அவருக்குப் பாடம். எந்தக் குழியில் யார், எந்த வருஷம், யாருக்கு அடுத்து யார் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அதில் ஞானசொர்ணத்துக்கென்று ஓர் இடத்தை அவர் ஒருநாளும் நினைத்ததே இல்லை.

"இதை என் மொகத்துக்கு நேரா கேட்டிருக்கலாம்லா?" என்றார் கடைசியாக.

"கேட்டா அந்தக் குழிய விட்டிருப்பீயளா?"

"மாட்டேன்."

"பொறவு என்ன?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம் என்பது அவருக்குத் தெரிந்தது. அது வலியைக் குறைக்கவில்லை. நியாயம் இருக்கிறவள் நேரில் வந்து சண்டை போட்டிருக்க வேண்டும். மயக்கத்தில் கிடக்கும்போது எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு தினமும் சோறு போட்டுக்கொண்டு, தான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு ராத்திரியும் குடும்ப ஜெபத்தில் மூன்று பேரும் ஒன்றாக முழங்கால் போட்டிருக்கிறார்கள். அத்தனை ஜெபத்திலும் அவர் ஒருவர்தான் இது தெரியாமல் ஜெபித்திருக்கிறார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, மாதந்தோறும் பீடத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து. பதினாறு வயதில் திடப்படுத்தல் எடுத்துப் பந்திக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் தவிர, அவர் திருவிருந்தைத் தவறவிட்டதில்லை. அன்றைக்கும் அதிகாலையில் போய் மணி அடித்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வரிசை எழுந்து பீடத்துக்குப் போகும்போது முழங்காலை ஒதுக்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வழிவிட்டார். அவர் எழவில்லை. "அண்ணாச்சி, கால் வலியா? ஐயரை இங்கயே கொண்டாரச் சொல்லவா?" என்று ஒருவர் குனிந்து கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தார். ஞானசொர்ணம் வாங்கிவிட்டு நடுவழியாகத் திரும்பி வரும்போது அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தார். மனதில் ஒருவர்மேல் குறை வைத்துக்கொண்டு பந்திக்குப் போகக் கூடாது என்பது இருவருக்கும் ஒரே ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததுபோல் தெரிந்த விஷயம். அவள் நடை கொஞ்சம் தயங்கி, பிறகு தன் இடத்துக்குப் போனது.

வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. "தண்ணி வந்துட்டு", "மாத்திரை போட்டாச்சா", "கரண்டு பில்லு எங்க" என்பது வரை பேசினார்கள். தம்பியின் கல்லறைப் பக்கம் அவர் போகவில்லை. நவம்பரில் தம்பி போன நாள் வந்தது. காலையில் ஞானசொர்ணம் பூ வாங்கி ஈரத் துணியில் சுற்றி மேசையில் வைத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. மாலையில் அவளே எடுத்துக்கொண்டு, தங்கதுரையோடு வண்டியில் போய் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள், "வண்டிய எடுல" என்று மகனிடம் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்பு சபை பக்கத்திலேயே கொஞ்சம் நிலம் வாங்கித் தோட்டத்தை நீட்டியிருந்தது. புதுப்பகுதிக்குப் போனார். மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். பாறை இல்லாத இடமாக, வேலியிலிருந்து தள்ளி, ஒரு கம்பை ஊன்றினார்.

"இங்க."

தங்கதுரை கம்பை மண்ணில் இன்னும் அழுத்தினான். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்குங்களா?"

"ரெண்டு பேருக்கு. சபையில சொல்லி வச்சிரு. அவ முந்துனா அவ கீழ. நான் முந்துனா நான் கீழ. வெட்டுதவன்கிட்ட ஆழமா வெட்டச் சொல்லு." திரும்பி வண்டிக்கு நடந்தவர் நின்றார். "எங்கம்மாகிட்ட சொன்ன வார்த்தய முறிச்சிட்டேன். அது ஒன் தலையிலயும் ஒங்கம்மா தலையிலயும் இல்ல. என் தலையிலதான் வருது. அது தெரிஞ்சிக்க."

தங்கதுரை அன்றே அம்மாவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அவுக வாயால எங்கிட்டச் சொல்லட்டும்" என்றாள்.

அவர் சொல்லவில்லை. டிசம்பர் முதல் ஞாயிறும் அவர் எழுந்து போகவில்லை. அடுத்த வாரம் இப்போதைய ஐயரே இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சின்ன வயதுக்காரர், பேச்சைச் சுற்றி வளைத்துத் தொடங்கினார். மழை, அறுப்பின் பண்டிகை, கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, சபையில மூத்தவங்க நீங்க. மூணு நாலு மாசமா நீங்க பந்திக்கு வரலைன்னா சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுது. வீட்டுல மனஸ்தாபம்னு கேள்விப்பட்டேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திரலாமே?"

"பொய்யைச் சொல்லிட்டு எப்படி ஐயா முழங்கால் போடுறது?"

ஞானசொர்ணம் தட்டில் இரண்டு டம்ளர் காபியோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"குழிக்குச் சொல்லியாச்சு" என்றார் தேவஇரக்கம். அவள் நிற்பது தெரிந்தே சொன்னார். ஆனால் ஐயரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். நாப்பத்தெட்டு வருசம் எங்கூட இருந்திருக்கா. அவளுக்கு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. அது நான் செய்ய வேண்டியது, செஞ்சிட்டேன். மத்தது இன்னும் வரல, ஐயா. வராமலே போயிருமான்னு எனக்கே பயமாத்தான் இருக்கு. வந்துட்டா, யாரும் கூப்பிட வேண்டாம். நானே எந்திரிச்சு வருவேன்."

ஞானசொர்ணம் உள்ளே வந்து ஒரு டம்ளரை ஐயர் முன்னால் வைத்தாள். மற்றதை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"ஆறிரும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவர் எடுத்துக் குடித்தார். சர்க்கரை அளவாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை.